வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்குப் பணம் திரட்டுவது: செட்டிநாட்டிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கோ தென்கிழக்கு ஆசியாவுக்கோ ஊர் மேம்பாடு, வறுமைக் குறைப்புப் பணிக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே வைத்திருக்கிறோம். வரி வரம்புகளும் அந்நியச் செலாவணி விதிகளும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியவை. யாரிடமும் பணம் வாங்குவதற்கு முன் ஒருமுறை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

1. சேவை செய்யத்தானே போறோம். அதுக்கு நாம எதுக்குக் காசு கட்டணும்?

கட்டத் தேவையில்லாத வழிகளும் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். தேர்வானவருக்குப் பிழைப்பூதியம், பயணம், காப்பீடு எல்லாம் அவர்களே தருவார்கள். விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டார்கள். 1958-இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பும் தன் தன்னார்வலர்களுக்கு உள்ளூர் வாழ்க்கைச் செலவைக் கொடுக்கிறது. ஆனால் இவர்கள் தேடுவது தொழில்திறனும் அனுபவமும் உள்ளவர்களை: செவிலியர், கணக்காளர், வேளாண் அலுவலர், ஆசிரியர். கல்லூரி முடித்த கையோடு போகிறவருக்கு இடம் கிடைப்பது கடினம்.

மற்றவர்களுக்கு மிஞ்சுவது சிறு அமைப்புகள். அங்கே தன்னார்வலரின் சாப்பாடு, படுக்கை, மொழிபெயர்ப்பாளர், மேற்பார்வையாளரின் நேரம் எல்லாமே அந்த அமைப்புக்குச் செலவு. அதை நீங்கள் சுமக்காவிட்டால் அந்த ஊர் ஏழைகளுக்கு வந்த பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கட்டச் சொல்வதில் தப்பில்லை. எதற்கு எவ்வளவு என்று சொல்லாமல் கட்டச் சொல்வதுதான் தப்பு.

2. ‘வறுமை ஒழிப்பு’ன்னு போட்டிருக்கு. அங்க போய் உண்மையில என்ன வேலை பாக்கணும்?

பணம் கேட்கப் போகும்போது எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் தெளிவான பதில் கையில் இருக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவலாக நடக்கும் ஒரு வேலையைச் சொல்கிறோம். கிராமச் சேமிப்புக் குழு: 15 முதல் 25 பேர், வாரம் ஒருமுறை கூடுவார்கள், பணம் ஓர் இரும்புப் பெட்டியில். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். உறுப்பினருக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கி, ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆனதும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். 1991-இல் நைஜர் நாட்டில் கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு தொடங்கிவைத்த முறை இது.

நம் ஊர்க்காரருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் இன்று சாக்கோட்டை, கல்லல் ஒன்றியங்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. குழுவின் வரவு செலவு ஏடு, தீர்மான நோட்டு எழுதிப் பழகிய ஒருவர் அங்கே முதல் வாரத்திலேயே பயன்படுவார். ஆங்கிலம் கற்றுத்தருவது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது மட்டும்தான் வேலை என்று ஓர் அமைப்பு சொன்னால், அந்த ஊர்க்காரர் செய்துவிடக்கூடிய வேலைக்கு விமான டிக்கெட் எதற்கு என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. மொத்தம் எவ்வளவு ஆகும்னு ஒரு தோராயம் சொல்லுங்க.

கென்யாவில் மூன்று மாதம் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகள் மாறும், தலைப்புகள் மாறாது. போக வர விமானம் 60,000. விசா அல்லது பயண அனுமதி, பணி அனுமதி 15,000. தடுப்பூசி, உடல் பரிசோதனை 8,000. காப்பீடு 9,000. தங்குமிடமும் சாப்பாடும் மாதம் 25,000 வீதம் 75,000. உள்ளூர்ப் போக்குவரத்து 12,000. அமைப்புக்குக் கட்டும் பயிற்சி, மேற்பார்வைக் கட்டணம் 25,000. போன் 3,000. சென்னைக்கும் மதுரைக்கும் அலைவது, சான்றிதழ், நகல் எல்லாம் 6,000. கூட்டினால் 2,13,000. இதன்மேல் பத்து சதவீதம், அதாவது 21,300, எதிர்பாராச் செலவுக்கு. ஆக 2,34,300.

பெரும்பாலோர் விடுவது கடைசி மூன்று இனங்களையும் அந்தப் பத்து சதவீதத்தையும். டாலர் ஏறினால் முதலில் கடிப்பது சாப்பாட்டுச் செலவைத்தான். காப்பீட்டில் மலிவைப் பார்க்காதீர்கள். சாதாரணச் சுற்றுலா பாலிசிகள் பலவற்றில் உடலுழைப்பு வேலையில் படும் காயமும், லைசென்ஸ் இல்லாமலோ ஹெல்மெட் இல்லாமலோ இரு சக்கர வண்டியில் நேரும் விபத்தும் கிடையாது. பல கென்யக் கிராமங்களில் ‘போடாபோடா’ எனப்படும் பைக் டாக்ஸியை விட்டால் வேறு வண்டி இராது. பாலிசித் தாளில் விலக்குகள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள்.

இது கட்டுப்படியாகாது என்றால் நேபாளத்தைப் பாருங்கள். இந்தியருக்கு விசா வேண்டாம், கோரக்பூர் வரை ரயிலில் போய் சுனௌலி வழியாகத் தரைவழியே நுழையலாம், 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று மாற்று விகிதமும் நிலையானது.

4. ஒரு ஏஜென்ட் மூணு லட்சம் கேக்குறார். எல்லாம் அடக்கம்ங்குறார். நம்பலாமா?

‘எல்லாம் அடக்கம்’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். 3-ஆம் பதிலில் உள்ள தலைப்புகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அங்குள்ள அமைப்புக்கு எவ்வளவு போகிறது, ஏஜென்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்பது தெரிய வேண்டும். பிறகு அந்த அமைப்பின் பெயரை வைத்து நீங்களே நேரடியாக மின்னஞ்சல் எழுதி, இந்த ஏஜென்டைத் தெரியுமா என்று கேளுங்கள். உண்மையான இடமாக இருந்தால் பதில் வரும், பழைய தன்னார்வலர் இருவரின் தொடர்பும் கொடுப்பார்கள்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று அழைத்துப் போய் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த சம்பவங்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கியிருக்கிறார்கள். ‘சேவை, கூடவே கம்ப்யூட்டர் வேலைக்குச் சம்பளம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்தில் கேட்கலாம்.

5. எத்தனை மாசத்துக்கு முன்னாடி வேலையைத் தொடங்கணும்?

எட்டு மாதத்துக்குக் குறையாமல். பாஸ்போர்ட் இல்லாதவர் அதிலிருந்து தொடங்குங்கள். சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குத் திருச்சி அலுவலகம். காரைக்குடிக்காரருக்கும் பொன்னமராவதிக்காரருக்கும் இங்கேதான் வழி பிரிகிறது. போலீஸ் தடையின்மைச் சான்றும் அந்தந்த அலுவலகம் வழியாகத்தான். கென்யா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பதிவு செய்து போடலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். அந்தச் சான்று இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள்.

பணம் திரட்ட ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கும் சொந்தங்கள் ஊரில் கூடுவது டிசம்பர், தை, பிறகு மே மாதக் கோடை விடுமுறை. பழனி பாதயாத்திரை நாட்களில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். வைகாசி, ஆவணியில் கல்யாணச் செலவு. ஆடியில் மொய்க்காகவே கை இறுகியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் பலகார ஆர்டருக்கு நல்ல காலம். ஆக, ஆவணிக் கடைசியில் தொடங்கித் தை முடிய ஒரு சுற்று, மீதிக்குக் கோடையில் இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் ஆடி, ஆவணியில் கிளம்பலாம்.

6. கேக்கவே கூச்சமா இருக்கு. யார்கிட்ட முதல்ல போறது, எப்படிக் கேக்குறது?

முதல் பணம் உங்களுடையதாக இருக்கட்டும். மொத்தத்தில் நாலில் ஒரு பங்கையாவது சொந்தச் சேமிப்பிலிருந்து போட்டுவிட்டுக் கேட்டால் பேச்சு சுலபமாகிவிடும். அடுத்து உடன்பிறந்தார், அப்பச்சி (அப்பா) வழி, ஆத்தா (அம்மா) வழி. அதன் பிறகு ஆசிரியர், முதலாளி, கடைவீதி. தெரியாதவர்கள் கடைசியில். தொடக்கத்திலேயே முகநூலில் போடுகிறவர்களுக்கு விழுவது பாராட்டு மட்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த ஊர், எந்த அமைப்பு, எத்தனை மாதம், உங்கள் வேலை என்ன, மொத்தச் செலவு எவ்வளவு, இதுவரை சேர்ந்தது எவ்வளவு, இவரிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்றால் 500 வரும். ‘என் தடுப்பூசிச் செலவு 8,000, அதை நீங்கள் ஏற்க முடியுமா’ என்றால் அவர் யோசிப்பார். கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் எழுதும் நம் ஊரில், குறிப்பிட்ட ஒரு செலவைத் தன் பெயரில் ஏற்பது பழகிப்போன முறை. பட்டியலைத் தலைப்புவாரியாகப் பிரித்து, ஏற்றவர் பெயரை எதிரே எழுதிக்கொண்டே போங்கள். பெயர் வேண்டாம் என்பவருக்கு ‘நலம்விரும்பி’ என்று போடலாம்.

ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். உங்கள் பயணச் செலவுக்குக் கேட்கும் பணம் வேறு, அங்குள்ள குழந்தைகளுக்கோ கிணற்றுக்கோ கேட்கும் பணம் வேறு. ‘ஆப்பிரிக்க ஏழைகளுக்கு உதவுங்கள்’ என்று தலைப்பிட்டு வாங்கிய பணத்தில் விமான டிக்கெட் எடுத்தால் ஊரில் பெயர் கெட்டுப்போகும், கேட்பவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

7. எங்க பக்கம் ஆடியில மொய் விருந்து வைப்பாங்க. அதையே இதுக்கு வச்சா என்ன?

வைக்காதீர்கள். மொய் நன்கொடை ஆகாது, எழுதிவைக்கும் கடன். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து வைக்கிறவர் அந்தப் பணத்தைப் போட்டுக் கடை வைக்கிறார், போர் போடுகிறார், வரும் வருமானத்தில் அடுத்தடுத்த வருடங்களில் கூடுதல் சேர்த்துத் திருப்பிச் செய்கிறார். மூன்று மாதச் சேவையிலிருந்து உங்களுக்கு வருமானம் வராது. திருப்பிச் செய்ய வேண்டியது மட்டும் தலைமேல் நிற்கும், நீங்கள் இல்லாத மாதங்களில் உங்கள் வீட்டார் செய்ய வேண்டியிருக்கும். வருமான வரியிலும் கல்யாணத்தில் வரும் அன்பளிப்புக்கு உள்ள விலக்கு இந்த விருந்துக்குக் கிடையாது (13-ஐப் பாருங்கள்).

8. ஆச்சிமார் சேர்ந்து பலகாரம் போட்டு வித்துத் தர்றோம்ங்குறாங்க. எவ்வளவு தேறும்?

நினைப்பதைவிடக் குறைவு. தேன்குழலை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, எண்ணெய், வெண்ணெய், கேஸ், கூலி, பாக்கெட் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 230 ரூபாய் அடக்கம், 340-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நிற்பது 110. இந்த வழியில் 30,000 சேர்க்க ஏறத்தாழ 270 கிலோ போட வேண்டும். நாளைக்குப் பத்துக் கிலோ என்றாலும் 27 நாள். கூலியை ஆச்சிமார் வேண்டாமென்றால் கணக்கு இளகும், ஆனால் கடைசி வாரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். முழுச் செலவுக்கும் இதை நம்பாமல், ஒரு தலைப்புக்கு, காப்பீடும் தடுப்பூசியும் என்று வைத்துச் செய்வது நடக்கிற காரியம்.

எது கெட்டுப்போகும் என்பதையும் பாருங்கள். பாகு வைத்துச் செய்யும் மனகோலமும் அதிரசமும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆபத்து. பாகு பதம் கொஞ்சம் இளகலாக இறங்கினால் மனகோலம் பாக்கெட்டுக்குள் ஒட்டிக் கட்டியாகிவிடும். தேன்குழலையும் சீப்புச் சீடையையும் சூடு முழுக்க ஆறுமுன் பாக்கெட்டில் போட்டால் ஆவி கோத்து நமுத்துப்போகும். அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் பத்து நாளில் சிக்கு வாடை வரும், திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆர்டர் வாங்கிப் பாதிப் பணம் கையில் வந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். கடைக்குப் போட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவும் வேண்டும். ஆன்லைனில் எடுக்கலாம், கட்டணம் சொற்பம்.

9. சீட்டை எடுத்துட்டு, இல்ல நகையை வச்சுட்டுப் போயிட்டு வந்து கட்டிக்கலாமே?

நகை வேண்டாம். வட்டியும் கட்டி, சம்பளமும் இல்லாமல் இருக்கும் மாதங்கள் அவை. சீட்டைத் தள்ளி எடுத்தால் கழிவு போக வருவதைக் கணக்கிடுங்கள். பதிவு பெற்ற சீட்டில் நடத்துகிறவரின் கமிஷன் மட்டுமே 7 சதவீதம் வரை போகலாம், ஏலத் தள்ளுபடி தனி. எடுத்த பிறகும் மாதத் தவணை நிற்காது, ஜாமீன் போட்டவர் வீட்டுக்கு ஆள் போகும். கடைசிவரை தள்ளாமல் விட்டு முழுத்தொகையாக எடுப்பதானால் அது சேமிப்பு, தாராளமாகச் செய்யுங்கள்.

10. நகரத்தார் சங்கம், கோயில், டிரஸ்ட்டுல கேட்டா குடுப்பாங்களா?

கோயில் பணத்தைக் கேட்காதீர்கள். பிள்ளையார்பட்டியானாலும் இளையாத்தங்குடியானாலும் அது கோயில் காரியத்துக்கு உரியது. டிரஸ்ட் என்றால் முதலில் அதன் ஆவணத்தில் நோக்கங்கள் என்ற பகுதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கல்வி உதவி என்று இருந்தால் உங்கள் பயணம் அதில் அடங்குமா என்பது அறங்காவலர் முடிவு. லாபத்தில் மகமை (தர்மத்துக்கென ஒதுக்கும் பங்கு) எடுத்துவைக்கும் கடைகளும் குடும்பங்களும் இன்னும் இருக்கின்றன. அவர்கள் தனிப்பட்ட முறையில் கொடுப்பது டிரஸ்ட்டை விடச் சுலபம்.

ஏனென்றால் டிரஸ்ட்டுக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்குள் செலவழித்தால்தான் விலக்கு நிற்கும். வெளிநாட்டுச் செலவுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். அதனால் ‘கென்யாவில் தங்கும் செலவு’ என்று கேட்டால் அவர்களுடைய ஆடிட்டர் மறுப்பார். இங்கேயே நடக்கும் பயிற்சி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை போன்றவற்றைக் கேளுங்கள்.

11. ரோட்டரி, லயன்ஸ், அப்புறம் கம்பெனிகளோட சி.எஸ்.ஆர். பணம்?

சி.எஸ்.ஆரை, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தை, மறந்துவிடுங்கள். இந்தியாவுக்கு வெளியே நடக்கும் வேலை அதில் சேராது என்று விதியே இருக்கிறது (தேசிய, மாநில அணிகளின் விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் விலக்கு). ரோட்டரியின் உலகளாவிய மானியம் குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள திட்டத்துக்கு, இரண்டு நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து விண்ணப்பிப்பது. உங்கள் டிக்கெட்டுக்கு அது பொருந்தாது. உள்ளூர்ச் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். சங்கப் பணம் வராவிட்டாலும் உறுப்பினர் இருவர் தனியாக ஏற்பார்கள். போகும் ஊரில் உள்ள சங்கத்துக்கு ஓர் அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு அது பணத்தைவிட உதவும்.

12. மிலாப், கெட்டோ மாதிரி ஆன்லைன்ல நன்கொடை திரட்டுற தளத்துல போட்டா என்ன? இல்ல ஜிபே நம்பர் மட்டும் போதுமா?

அந்தத் தளங்களில் மக்கள் தேடி வருவது மருத்துவ அவசரத்துக்கு. ஒருவர் சேவைப் பயணம் போவதற்கு முன்பின் தெரியாதவர் கொடுப்பது அரிது. உங்களைத் தெரிந்தவர்களே அங்கே போய்க் கொடுப்பார்கள், பணப்பரிமாற்றக் கட்டணம் வீணாகக் கழியும். ஒரு நன்மை, யார் எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். போடுவதானால் வெளிநாட்டுக் கார்டில் பணம் பெறும் வசதியை அணைத்துவிடுங்கள். காரணம் 15-இல்.

யுபிஐ போதும், ஆனால் சம்பளக் கணக்கில் வாங்காதீர்கள். இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்த பணம் ஏதாவது மோசடிப் புகாரில் சம்பந்தப்பட்டிருந்தால் வங்கி கணக்கையே முடக்கும். அப்போது முடங்குவது அந்தக் கணக்கோடு நிற்கட்டும். பணம் அனுப்புகிறவரைக் குறிப்புப் பகுதியில் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

13. வாங்குற பணத்துக்கு வருமான வரி வருமா?

உறவினர் கொடுப்பதற்கு வரி இல்லை, எவ்வளவானாலும். உறவினர் அல்லாதவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நிதியாண்டில் கொடுத்தது 50,000-ஐத் தாண்டினால், தாண்டியது மட்டுமல்ல, முழுத்தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும். வருமான வரியின் உறவினர் பட்டியலில் பெற்றோர், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தார், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, அவர்களுடைய கணவன் மனைவி எல்லாம் உண்டு. ஒன்றுவிட்ட அண்ணனும் அத்தை மகனும் கிடையாது. ஒரே கோயில் புள்ளி (ஒரே கோயிலைச் சேர்ந்த குடும்பம்), பங்காளி என்பதும் செல்லாது.

வருமானத்தில் சேர்ந்தால் உடனே வரி என்று பயப்பட வேண்டாம். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. வேறு வருமானம் இல்லாத மாணவருக்கு 3-இல் சொன்ன தொகை முழுவதும் வெளியாரிடமிருந்தே வந்தாலும் வரி வராது. மார்ச், ஏப்ரல் என்று இரண்டு நிதியாண்டில் பிரிந்து வந்தால் 50,000 வரம்பும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனி. யார், என்ன உறவு, எந்தத் தேதி, எவ்வளவு என்ற ஏடு மட்டும் முதல் ரூபாயிலிருந்து இருக்க வேண்டும்.

14. ‘80ஜி ரசீது குடுத்தா பத்தாயிரம் தர்றேன்’ங்குறார் ஒரு கடைக்காரர்.

நன்கொடை கொடுத்தவர் வரிக்கழிவு கேட்க உதவும் அந்த ரசீதைத் தனி ஆள் தர முடியாது. அனுமதி பெற்ற டிரஸ்ட்தான் தரலாம். ஒரு டிரஸ்ட்டில் பணத்தைக் கட்டவைத்து ரசீது வாங்கி, அதை உங்களுக்குத் திருப்பிவிடும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். 10-இல் சொன்ன காரணத்தால் அது டிரஸ்ட்டின் விலக்குக்கே உலை வைக்கும். அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். புதிய வரி முறைக்கு மாறியவர் என்றால் அந்த ரசீதால் அவருக்கும் கழிவு கிடையாது.

15. சித்தப்பா சிங்கப்பூர்ல, மாமா பினாங்குல. ஆளுக்கு ஐம்பதாயிரம் அனுப்புறேங்குறாங்க. வாங்கிக்கலாமா?

அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைவிட எந்த நாட்டுக் குடிமகன் என்பதே கேள்வி. சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் நிரந்தர வசிப்பு உரிமையில் இருந்தால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் அந்நியப் பங்களிப்பு ஆகாது. தாராளமாக வாங்கலாம். மாமா மலேசியக் குடிமகனானால் அது அந்நியப் பணம். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) வைத்திருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். 2010-ஆம் ஆண்டு அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ), சமூக, கல்வி, பொருளாதாரத் திட்டம் எதற்கும் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அப்படிப்பட்ட பணத்தை வாங்கக் கூடாது. தனி ஆளுக்கும் இது பொருந்தும்.

உறவினருக்கு அந்தச் சட்டத்திலும் விலக்கு உண்டு. ஒரு வருடத்தில் 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்கக்கூட வேண்டாம். ஆனால் அங்கே உறவினர் என்பது கம்பெனிச் சட்டத்தின் பட்டியல்: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தார், இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். வருமான வரிக்கு உறவினரான தாய்மாமன் இங்கே உறவினர் இல்லை. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பினாங்கு மாமாவின் பணம் இந்தியாவுக்கு வராமலே இருக்கட்டும். கென்யாவில் உள்ள அமைப்புக்கு நீங்கள் கட்ட வேண்டிய பயிற்சி, தங்குமிடக் கட்டணத்தை அவர் அந்த அமைப்பின் கணக்குக்கே நேரடியாக அனுப்பி, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு ரசீது வாங்கிக்கொள்ளட்டும். ஊரில் ஒரு டிரஸ்ட் வழியாக வாங்கலாமே என்றால், அந்த டிரஸ்ட் எஃப்சிஆர்ஏ பதிவு பெற்று, டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட டிரஸ்ட்டுகள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

16. நான் அரசுப் பள்ளி ஆசிரியர். கோடை விடுமுறையில போகலாமா?

துறையின் முன் அனுமதியும் தடையின்மைச் சான்றும் வாங்கிக்கொண்டு போகலாம். அங்கே இலவசத் தங்குமிடமோ சாப்பாடோ பயணமோ அந்த அமைப்பு தருவதானால், 15-இல் சொன்ன அதே சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியும் தேவை. அரசு ஊழியருக்கு அந்நிய விருந்தோம்பல் தனி விதி. சொந்தக் காசில் தங்கிச் சாப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

17. சேர்ந்த பணத்தை அங்க எப்படிக் கொண்டு போறது?

ரொக்கமாக வெளிநாட்டு நோட்டு 3,000 டாலர் மதிப்பு வரைதான். மீதி பாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டி ஏற்றிவைக்கும் கார்டு). அமைப்புக்கான கட்டணத்தை வங்கியில் பான் எண்ணோடு ஏ2 படிவம் கொடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடலாம். அந்நியச் செலாவணி வாங்க 50,000-க்கு மேல் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அதனால் பலகாரப் பணத்தை அன்றன்று கணக்கில் கட்டிவிடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ், ஆண்டுக்கு 10 லட்சம் வரை பொதுவாகக் கிடையாது. ஆனால் ஏஜென்ட் உங்கள் பயணத்தைச் ‘சுற்றுலாப் பேக்கேஜ்’ என்று பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பு உண்டு. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

18. டூரிஸ்ட் விசாவுலயே போயிட்டு வந்துடுங்கன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர் கூட வரப்போவதில்லை. சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான் என்று பல நாடுகள் பார்க்கின்றன. தாய்லாந்தில் தன்னார்வலருக்கென்று தனி விசாப் பிரிவு இருக்கிறது. பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல், பிறகு எந்த நாட்டு விசாப் படிவத்திலும் அதை எழுத வேண்டியிருக்கும். அழைக்கும் அமைப்பிடம், எந்த விசா என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் காரணம் புரிந்துவிடும்.

19. அநாதை இல்லத்துல பிள்ளைகளைப் பாத்துக்குற வேலைன்னா காசு கேக்குறது ஈஸி. அதுக்கே போகலாமா?

ஈஸிதான், அதனால்தான் வேண்டாம் என்கிறோம். கம்போடியாவிலும் நேபாளத்திலும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். தன்னார்வலரும் நன்கொடையும் வருவதாலேயே பிள்ளைகளைக் கிராமத்திலிருந்து பிரித்துக்கொண்டுவந்து இல்லத்தை நிரப்பும் வியாபாரம் நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தப் பிள்ளைக்கு நல்லதில்லை. போலீஸ் சான்றுகூடக் கேட்காமல் குழந்தைகளோடு பழக விடும் இடம் எதுவானாலும் விலகிவிடுங்கள்.

20. பாதிப் பணம்தான் சேந்திருக்கு. இல்லாட்டி விசா கிடைக்கல. வாங்கினதை என்ன பண்றது?

இதற்கான பதிலை 6-இல் சொன்ன கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்: ‘இன்ன தேதிக்குள் இன்ன தொகை சேராவிட்டால் திருப்பித் தருகிறேன்.’ அந்தத் தேதி வரை டிக்கெட் எடுக்காதீர்கள், பணம் திரும்பக் கிடைக்காத முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். விசா கிடைத்த பிறகே டிக்கெட். பாதி சேர்ந்தால் காலத்தைக் குறைத்துக்கொண்டு போகலாமா என்று அமைப்பிடம் கேளுங்கள். மூன்று மாதத்தை ஆறு வாரமாக்கினால் சாப்பாடும் தங்குமிடமும் குறையும், விமானமும் காப்பீடும் அவ்வளவாகக் குறையாது. நாட்டை மாற்றுவது இதைவிட மிச்சம். எதுவானாலும் கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

21. ‘அந்த ரெண்டே கால் லட்சத்தை அங்க அனுப்பிட்டாலே போதுமே, நீ எதுக்குப் போகணும்?’னு அப்பச்சி கேக்குறார். என்ன சொல்றது?

அப்பச்சி கேட்பது சரியான கேள்வி. செங்கல் தூக்க, சுவர் கட்டப் போவதானால் அவர் சொல்வதே சரி, பணத்தை அனுப்பிவிடலாம். அங்கே இல்லாத ஒரு வேலைத்திறன் உங்களிடம் இருந்து, நீங்கள் திரும்பிய பிறகும் அதை உள்ளூர் ஆள் ஒருவர் தொடர்வார் என்றால் மட்டும் போவதற்கு நியாயம் உண்டு. யார் தொடர்வார், அவருக்கு எத்தனை வாரம் கற்றுத்தருவீர்கள் என்று அமைப்பிடம் கேட்டு எழுதி வாங்கி, அதை அப்பச்சியிடம் காட்டுங்கள். அமைப்பிடம் அதற்குப் பதில் இல்லை என்றால் வேறு அமைப்பு பாருங்கள், அல்லது அதே வேலையைச் சிவகங்கை மாவட்டத்திலேயே ஒரு வருடம் செய்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

22. திரும்பி வந்தாச்சு. கொஞ்சம் பணம் மிச்சம், டாலரும் இருக்கு. கணக்கு யார்கிட்ட ஒப்படைக்கிறது?

கொடுத்த எல்லோருக்கும், 500 கொடுத்தவருக்கும், ஒரே தாள். 3-இல் உள்ள தலைப்புகளே இடது பக்கம், போட்ட தொகை நடுவில், ஆன தொகை வலது பக்கம். கூடின இனத்துக்குக் கீழே ஒரு வரிக் காரணம். வந்து ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். ரசீதுகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவருக்குக் காட்டினால் போதும். நம் ஊரில் கேட்பவர் உறுதியாக இருப்பார்.

மிச்ச ரூபாயை என்ன செய்வது என்பதைக் கொடுத்தவர்களிடமே கேளுங்கள். பெரும்பாலும் அடுத்துப் போகும் ஆளுக்கு என்பார்கள், அப்படியானால் பெயரும் தொகையும் எழுதி அவரிடம் ஒப்படையுங்கள். கையில் மீந்த வெளிநாட்டு நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் இருப்பதை ஊர் வந்த 180 நாளுக்குள் வங்கியில் மாற்றிவிட வேண்டும். கென்ய ஷில்லிங்கை மட்டும் நைரோபி விமான நிலையத்திலேயே மாற்றிவிட்டு வாருங்கள், இங்கே வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.